சாம்பல் திரை வந்தால்: ரிமோட் டெஸ்க்டாப் ஸ்கிரிப்டைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் அலுவலகம். அங்கே ஒரு லினக்ஸ் கணினி. பொங்கோல் வீட்டில் இருந்தபடி அதன் திரையைத் திறக்க வேண்டும். தொலைவிலுள்ள கணினியின் திரையைக் காட்டும் டைகர்விஎன்சி மென்பொருளை நிறுவியாயிற்று, கடவுச்சொல் கொடுத்தாயிற்று, சன்னலும் திறக்கிறது. உள்ளே பார்த்தால் வெறும் சாம்பல் நிறம், அல்லது முழுக் கறுப்பு. நடுவில் பெருக்கல் குறி போல ஒரு சுட்டி. மெனு இல்லை, ஐகான் இல்லை.

பெரும்பாலோர் இந்த இடத்தில் ரவுட்டரைச் சந்தேகித்து ஒரு மணி நேரத்தைத் தொலைப்பார்கள். அங்கே தேட வேண்டாம். சாம்பல் திரை கண்ணில் படுகிறது என்றாலே இணைப்பு, போர்ட், கடவுச்சொல், திரையை வரையும் சர்வர் எல்லாம் சரியாக வேலை செய்துவிட்டன. விழுந்து கிடப்பது பத்து வரிகூட இல்லாத ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்ற நிரல் வரிவரியாக இயக்கும் கட்டளைப் பட்டியல். அதைப் படிக்கத் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை.

இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உங்கள் கணினியில் இருக்கும் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். குறியீடுகளும் எண்களும் இங்கே இருக்கிறபடியே.

யார் யாரைத் தொடங்குகிறார்கள்

விஎன்சிசர்வர் என்று நீங்கள் கொடுக்கும் கட்டளை சர்வரே அல்ல. உபுண்டு, டெபியன் போன்ற பல லினக்ஸ் விநியோகங்களில் அது பெர்ல் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். அது முதலில் காலியாக உள்ள ஒரு டிஸ்பிளே எண்ணை, அதாவது திரைக்கான எண்ணை, தேடும். பிறகு நுழைவுக்கான குக்கியை .எக்ஸ்அதாரிட்டி கோப்பில் எழுதும். அதன் பின் எக்ஸ்விஎன்சி என்ற உண்மையான சர்வரைப் பின்னணியில் ஓடவிடும். கடைசியாக டிஸ்பிளே மாறியை நிரப்பி, உங்கள் வீட்டு அடைவுக்குள் (ஹோம் ஃபோல்டர்) .விஎன்சி அடைவில் இருக்கும் எக்ஸ்ஸ்டார்ட்டப் கோப்பை இயக்கும். எக்ஸ்விஎன்சி தருவது வெறும் பலகை. பலகையில் எதை வைப்பது என்று சொல்வது எக்ஸ்ஸ்டார்ட்டப். முன்னது ஓடிப் பின்னது விழுந்தால் மிஞ்சுவதுதான் அந்தச் சாம்பல் திரை.

டிஸ்பிளே எண்ணோடு 5900ஐக் கூட்டினால் போர்ட் எண், அதாவது இணைப்பு நுழையும் வாசலின் எண். :1 என்றால் 5901, :2 என்றால் 5902. இந்தக் கணக்கை மறந்தால் ஒரு குறிப்பிட்ட கோளாறு புரியவே புரியாது. நேற்று வரை 5901இல் வந்த இணைப்பு இன்று மறுக்கப்படும். சர்வரோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாரோ எக்ஸ்விஎன்சியை -9 சிக்னல் கொடுத்துக் கொன்றிருப்பார்கள். அப்படிச் செத்த சர்வர் /டிஎம்பி அடைவில் .எக்ஸ்1-லாக் என்ற பூட்டுக் கோப்பை அழிக்காமல் விட்டுப்போகும். அடுத்த முறை தொடங்கும்போது ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து, :1இல் ஆள் இருக்கிறது என்று எண்ணி, ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு :2க்குப் போய்விடும். உண்மையிலேயே :1இல் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தப் பூட்டையும் .எக்ஸ்11-யூனிக்ஸ் அடைவில் இருக்கும் எக்ஸ்1 சாக்கெட்டையும் நீக்குங்கள். இனிமேல் மூடுவதற்கு விஎன்சிசர்வர் -கில் :1 என்றே கொடுங்கள்; அது இரண்டையும் துடைத்துவிட்டுப் போகும்.

கோப்பு

டெபியன், உபுண்டு கணினிகளில் ஒழுங்காக ஓடும் ஒரு எக்ஸ்ஸ்டார்ட்டப் இவ்வளவுதான்:

#!/பின்/எஸ்எச்
அன்செட் செஷன்_மேனேஜர்
அன்செட் டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்
[ -ஆர் "$ஹோம்/.புரொஃபைல்" ] && . "$ஹோம்/.புரொஃபைல்"
எக்ஸ்போர்ட் லாங்=என்_எஸ்ஜி.யுடிஎஃப்-8
எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

இதைக் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செஷன், அதாவது நீங்கள் நுழைந்து வேலை செய்யும் அமர்வு, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வரிதான். மேலே இருப்பவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

எக்ஸெக் என்பது, ஸ்கிரிப்டை இயக்கிக்கொண்டிருக்கும் ஷெல்லை அப்படியே அகற்றி, அதே இடத்தில் அடுத்து வரும் நிரலை உட்கார வைப்பது. செயல் எண்கூட மாறாது. இங்கே அந்த நிரல் தொடங்குவது எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப். அது ஓடும் வரை ஸ்கிரிப்ட் ஓடுவதாகக் கணக்கு; நீங்கள் லாக்அவுட் செய்ததும் ஸ்கிரிப்ட் முடிந்ததாகக் கணக்கு. எக்ஸெக் இல்லாமல் வெறுமனே ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று எழுதினாலும் ஓடும். ஒரு ஷெல் சும்மா காத்துக்கொண்டிருக்கும், அதனால் நட்டமில்லை. டெஸ்க்டாப் மூடிய பிறகு ஏதாவது துடைக்க வேண்டியிருந்தால் இந்த வடிவம்தான் வசதி, ஏனென்றால் அடுத்த வரி அப்போதுதான் நடக்கும். எக்ஸெக் போட்டால் அதற்குக் கீழே உள்ள எதுவும் நடக்காது. புதிதாக ஒரு வரி சேர்க்க நினைப்பவர்கள் கோப்பின் அடியில் போய் ஒட்டுவதும், அது வேலை செய்யவில்லையே என்று தவிப்பதும் தினமும் நடப்பது. சேர்ப்பதை எக்ஸெக்குக்கு மேலே சேருங்கள்.

மூன்றாவது வடிவம் ஆபத்தானது: ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 & என்று, கடைசியில் & குறியோடு. பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும். & போட்டால் ஷெல் டெஸ்க்டாப்பைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்; அடுத்த வரி இல்லை, கோப்பு முடிந்தது, ஷெல்லும் வெளியேறிவிடும். பழைய விஎன்சிசர்வர் அதைக் கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்ட் முடிந்தாலும் எக்ஸ்விஎன்சி தொடர்ந்து ஓடும். புதிய டைகர்விஎன்சி ஸ்கிரிப்ட் முடிவதையே செஷன் முடிவாக எடுத்துக்கொண்டு சர்வரை மூடிவிடும். 3 வினாடிக்குள் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, சீக்கிரமே வெளியேறிவிட்டது என்று திரையில் ஒரு செய்தியும் வரும். உபுண்டுவை மேம்படுத்தியதும் விஎன்சி உடைந்துபோனது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த & குறியை. அதை எடுத்துவிட்டு எக்ஸெக் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மேலேறிப் போனால்

புரொஃபைல் வரியைப் பாருங்கள். [ என்பது அடைப்புக்குறி போலத் தெரிந்தாலும் ஷெல்லுக்கு அது ஒரு கட்டளை. அதனால்தான் அதன் பின்னும் ] முன்னும் இடைவெளி கட்டாயம். -ஆர் என்றால் அந்தக் கோப்பைப் படிக்க முடிகிறதா என்ற கேள்வி. -எக்ஸ் என்றால் இயக்க முடிகிறதா என்ற கேள்வி. ஆம் என்றால் மட்டும் && குறிக்கு வலப்பக்கம் நடக்கும். இல்லை என்றால் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போகும். வலப்பக்கத்தில் தனியாக நிற்கும் புள்ளி, அந்தக் கோப்பை இதே ஷெல்லுக்குள் படித்துக்கொள் என்ற கட்டளை. பாஷ் என்ற ஷெல் வகையில் இதற்கு சோர்ஸ் என்ற சொல்லும் உண்டு. ஆனால் முதல் வரியில் எஸ்எச் என்று இருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். உபுண்டுவில் 2006 முதலே எஸ்எச் என்பது பாஷ் அல்ல, டாஷ். டாஷுக்கு சோர்ஸ் தெரியாது, இரட்டை [[ தெரியாது. டெர்மினலில் தட்டிப் பார்த்தபோது ஓடியது, ஸ்கிரிப்டில் ஓடவில்லை என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருகிறது. டெர்மினலில் நீங்கள் இருப்பது பாஷில்.

இரட்டை மேற்கோள்கள் அலங்காரமில்லை. வீட்டு அடைவின் பெயரிலோ கோப்பின் பெயரிலோ ஓர் இடைவெளி இருந்தால், மேற்கோள் இல்லாத மாறியை ஷெல் இரண்டு சொல்லாக வெட்டிவிடும்.

அடுத்து இரண்டு அன்செட் வரிகள். இவை ஏன் இருக்கின்றன என்று கேட்காமலே நகல் எடுப்பவர்கள் அதிகம். ஆனால் இந்த வேலையின் சாரமே இங்கேதான் இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் தன்னைத் தொடங்கியவரிடமிருந்து சூழல் மாறிகளை எல்லாம் சொத்தாகப் பெறும். நீங்கள் மாலையில் கிளம்பும்முன் அலுவலக மேசையில் உட்கார்ந்து, அங்கேயே ஒரு டெர்மினலைத் திறந்து விஎன்சிசர்வரைத் தொடங்கினால், அந்த மேசை டெஸ்க்டாப்பின் டிபஸ் முகவரியும் செஷன் மேனேஜர் முகவரியும் புதிய செஷனுக்குள் வந்துவிடும். நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி டிபஸ். இரவு வீட்டிலிருந்து இணைந்து ஜினோம் டெர்மினலைச் சொடுக்குவீர்கள்; எதுவும் வராது. அது உபியில், யாருமில்லாத மேசையில், அந்த மானிட்டரில் திறந்திருக்கும். அன்செட் வரிகள் அந்தப் பழைய முகவரிகளை மறக்கச் செய்கின்றன.

டிபஸ் முகவரி இல்லாவிட்டால் எக்ஸ்எஃப்சிஇ தனக்கென்று ஒன்றைத் தொடங்கிக்கொள்ளும். ஒரே பயனர் மேசையிலும் லாக்இன் செய்து, தொலைவிலிருந்தும் நுழைகிறார் என்றால் அதை ஊகத்துக்கு விடாமல் கடைசி வரியையே இப்படி மாற்றிவிடுங்கள்:

எக்ஸெக் டிபஸ்-ரன்-செஷன் -- ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

இது தனியாக ஒரு பஸ்ஸைத் தொடங்கி, டெஸ்க்டாப் முடியும்போது அதையும் மூடிவிடும். இணையத்தில் கிடைக்கும் சில ஸ்கிரிப்டுகள் எக்ஸ்டிஜி_ரன்டைம்_டிர் மாறியையும் அன்செட் செய்யச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். ஒலிக்கான சாக்கெட் அந்த அடைவில்தான் இருக்கிறது. பிறகு ஒலி வரவில்லை என்று வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஏன் எக்ஸ்எஃப்சிஇ என்றால், தொலைவில் அது இலேசாக ஓடும். ஒரே பயனருக்கு ஜினோம் என்ற மற்றொரு டெஸ்க்டாப்பின் இரண்டு செஷன்களை ஒரே நேரத்தில் ஓட்டப் பார்ப்பது தலைவலி, தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்எஃப்சிஇயிலும் நிழல், ஒளிபுகும் சன்னல் போன்றவற்றைச் செய்யும் கம்பாசிட்டரை அணைத்து வைத்தால் திரை நகரும் வேகம் கண்ணுக்கே தெரியும்.

ஓடாதபோது

முதலில், நடந்தவற்றைப் பதிவு செய்யும் லாக் கோப்பு. .விஎன்சி அடைவில் கணினியின் பெயரும் டிஸ்பிளே எண்ணும் சேர்ந்த பெயரில், லாக் என்ற முடிவோடு இருக்கும். புதிய பதிப்புகளில் இந்த அடைவு .கான்ஃபிக் அடைவுக்குள் இடம் மாறியிருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

அனுமதி மறுப்பு என்று லாக்கில் இருந்தால் எக்ஸ்ஸ்டார்ட்டப்புக்கு இயக்க அனுமதி இல்லை. சிஎச்மாட் +எக்ஸ் கொடுத்தால் போதும். 127 என்ற வெளியேற்ற எண் இருந்தால் அந்தப் பெயரில் நிரலே இல்லை: எக்ஸ்எஃப்சிஇ நிறுவப்படவில்லை, அல்லது பாத் மாறியில் அதன் அடைவு இல்லை. 126 என்றால் நிரல் இருக்கிறது, இயக்க முடியவில்லை.

முதல் வரியில் உள்ள எஸ்எச்சுக்குப் பின்னால் ^ குறியும் பெரிய எழுத்து எம்மும் ஒட்டிக்கொண்டு, இன்டர்பிரிட்டர் சரியில்லை என்று வந்தால் அந்தக் கோப்பு விண்டோஸ் நோட்பேடு வழியாக வந்தது. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூடுதலாக ஓர் எழுத்து போடும். கண்ணுக்குத் தெரியாது, ஷெல்லுக்குத் தெரியும். டாஸ்2யூனிக்ஸ் கட்டளை அதை நீக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்தது வேர்டு வழியாக ஒட்டும் வரிகள்: நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாகவும், இரண்டு சிறு கோடுகள் ஒரு நீண்ட கோடாகவும் மாறியிருக்கும். ஸ்கிரிப்டைச் சக ஊழியருக்கு அனுப்ப வேண்டுமானால் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள்.

லாக்கில் ஒன்றும் இல்லை என்றால் ஸ்கிரிப்டையே பேச வையுங்கள். முதல் வரிக்கு அடுத்து இந்த இரண்டையும் சேருங்கள்:

எக்ஸெக் > "$ஹோம்/திரை.லாக்" 2>&1
செட் -எக்ஸ்

இங்கே எக்ஸெக்குக்குப் பின் நிரலின் பெயர் இல்லை. அப்போது அது ஷெல்லை மாற்றாது. இனி வெளிவரும் எல்லாவற்றையும் அந்தக் கோப்புக்குத் திருப்பிவிடும். 2>&1 என்பது பிழைச் செய்திகளையும் அதே இடத்துக்கு அனுப்பு என்று பொருள், ஆகவே கோப்பின் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் பிழைகள் பழைய இடத்துக்கே போகும். செட் -எக்ஸ் ஒவ்வொரு வரியையும் நடத்தும் முன் + குறியோடு எழுதிக்காட்டும், மாறிகளை அவற்றின் மதிப்போடு. கடைசி + வரி எது என்று பாருங்கள். அங்கேதான் நின்றிருக்கிறது. வேலை முடிந்ததும் இரண்டு வரிகளையும் எடுத்துவிடுங்கள். கடவுச்சொல் ஏதாவது மாறியில் இருந்தால் அதுவும் அந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும்.

கையால் இயக்கிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் உங்கள் டெர்மினலில் இருக்கும் வளமான சூழல், விஎன்சிசர்வர் தொடங்கும்போது ஸ்கிரிப்டுக்குக் கிடைக்காமல் இருக்கலாம். அதனால் சூழலைக் காலியாக்கிவிட்டு இயக்குங்கள்:

என்வ் -ஐ ஹோம்="$ஹோம்" பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் டிஸ்பிளே=:1 எஸ்எச் -எக்ஸ் "$ஹோம்/.விஎன்சி/எக்ஸ்ஸ்டார்ட்டப்"

இதில் ஓடினால் எதிலும் ஓடும். டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் :1இல் சர்வர் இல்லை, அல்லது வேறு பயனரின் பெயரில் இயக்குகிறீர்கள்.

லாக்கில் நேரத்தைப் பார்க்கும்போது ஒரு கவனம். பல சர்வர்களின் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். காலை 9 மணிக்கு நீங்கள் செய்த முயற்சி லாக்கில் 01:00 என்று இருக்கும். இன்று காலை எதுவும் பதிவாகவில்லையே என்று கோப்பை மூடிவிடாதீர்கள்.

எக்ஸ்ஆர்டிபி வழியே வந்தால்

விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் நிரலைக் கொண்டு லினக்ஸுக்குள் நுழைபவர்கள் பயன்படுத்துவது எக்ஸ்ஆர்டிபி, போர்ட் 3389. இங்கே எக்ஸ்ஸ்டார்ட்டப்பின் இடத்தில் இருப்பது இடிசி அடைவில், எக்ஸ்ஆர்டிபி அடைவுக்குள் உள்ள ஸ்டார்ட்டபிள்யூஎம் ஸ்கிரிப்ட். டெபியனில் அது புரொஃபைல் கோப்புகளைப் படித்துவிட்டு, எக்ஸெக் மூலம் கணினிக்குப் பொதுவான எக்ஸ்செஷன் ஸ்கிரிப்டிடம் பொறுப்பைக் கொடுக்கும். அது ஓர் அடைவில் எண் வரிசையில் இருக்கும் துண்டுக் கோப்புகளைப் படித்து, உங்கள் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் .எக்ஸ்செஷன் கோப்பு இருந்தால் அதை இயக்கும்.

ஸ்டார்ட்டபிள்யூஎம்மைத் திருத்தச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அது எல்லாப் பயனருக்கும் பொதுவான கோப்பு. அடுத்த மேம்பாட்டில் உங்கள் திருத்தத்தை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேள்வி வரும், யாராவது தவறாகப் பதில் சொல்வார்கள். .எக்ஸ்செஷன் கோப்பில் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று ஒரே ஒரு வரி எழுதினால் உங்கள் செஷனுக்கு அது போதும். டெபியனில் இந்தக் கோப்புக்கு இயக்க அனுமதி இல்லாவிட்டாலும் எஸ்எச் மூலம் அது ஓடும்.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் சன்னல் ஒரு கணம் கறுத்து மூடிக்கொண்டால், ஸ்கிரிப்ட் தொடங்கிய உடனே முடிந்திருக்கிறது. லாக் அடைவில் உள்ள எக்ஸ்ஆர்டிபி-செஸ்மேன் லாக்கைத் திறங்கள். விண்டோ மேனேஜர் மிக விரைவில் வெளியேறிவிட்டது என்று, எத்தனை வினாடி என்ற கணக்கோடு ஒரு வரி இருக்கும். காரணம் அங்கே இருக்காது; வீட்டு அடைவில் உள்ள .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பில் இருக்கும். அதே பயனர் மேசையில் லாக்இன் செய்து விட்டுவிட்டு வந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம். கிளம்பும்போது திரையைப் பூட்டாமல் லாக்அவுட் செய்யுங்கள்.

உங்கள் பக்கத்து ஸ்கிரிப்ட்

எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்புக்குள் விஎன்சியை அனுப்புவதைத்தான் சுரங்கம் என்கிறோம். அதற்கு வீட்டு மடிக்கணினியில் இரண்டு வரி ஸ்கிரிப்ட் ஒன்று வைத்துக்கொள்வது வழக்கம்:

எஸ்எஸ்எச் -எஃப் -ஓ எக்சிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர்=யெஸ் -எல் 5911:லோக்கல்ஹோஸ்ட்:5901 அலுவலகம் ஸ்லீப் 10
விஎன்சிவியூவர் லோக்கல்ஹோஸ்ட்:11

இங்கே எல் பெரிய எழுத்து. எஃப்பும் ஓவும் சிறிய எழுத்து. -எல்லுக்குப் பின் வருவதை மூன்று துண்டாக வாசியுங்கள். 5911 உங்கள் மடிக்கணினியின் வாசல். கடைசி 5901 அலுவலகக் கணினியின் வாசல். நடுவில் உள்ள லோக்கல்ஹோஸ்ட் உங்கள் மடிக்கணினி அல்ல. அலுவலகக் கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் பெயர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்தச் சுரங்க வரியையும் வாசித்துவிடலாம். 5911 என்று மாற்றி வைத்ததற்குக் காரணம், மடிக்கணினியிலேயே வேறொரு விஎன்சியோ பழைய சுரங்கமோ 5901ஐப் பிடித்திருக்கலாம். அப்போது வியூவர் பிழை காட்டாமல் தவறான கணினியைத் திறந்து காட்டும். எக்சிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர் இருந்தால், வாசல் கிடைக்காதபோது எஸ்எஸ்எச் பிழையோடு நிற்கும்.

-எஃப் இல்லாமல் வரிக்கடைசியில் & போட்டால் என்ன என்று கேட்கலாம். & உடனே அடுத்த வரிக்குப் போய்விடும்; எஸ்எஸ்எச் இன்னும் சாவியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே வியூவர் கதவைத் தட்டி, மறுக்கப்பட்டு, மூடிக்கொள்ளும். -எஃப், நுழைவு முடிந்த பிறகே பின்னணிக்குப் போகும். ஸ்லீப் 10 வெறும் காத்திருப்பு அல்ல. அலுவலகக் கணினியில் 10 வினாடி ஓடும் ஒரு வேலை அது. அந்த 10 வினாடிக்குள் வியூவர் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால், அந்த இணைப்பு இருக்கும் வரை எஸ்எஸ்எச் மூடாது. வியூவரை மூடியதும் தானே முடிந்துவிடும். பின்னணியில் சுரங்கங்கள் குவிந்து கிடக்காது.

சுரங்கம் எதற்கு, போர்ட்டை நேரே திறந்துவிடலாமே என்றால், கூடாது. வழக்கமான விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகள் மட்டுமே கணக்கு. நீங்கள் 20 எழுத்து வைத்தாலும் மிச்சம் 12 வீண். 5901, 3389 இரண்டையும் தேடி நாள் முழுவதும் இணையத்தைத் துழாவும் நிரல்கள் இருக்கின்றன. விஎன்சிசர்வரை -லோக்கல்ஹோஸ்ட் விருப்பத்தோடு தொடங்குங்கள். பிறகு எஸ்எஸ் -டிஎல்என் கட்டளை கொடுத்துப் பாருங்கள். 127.0.0.1:5901 என்றால் சரி. 0.0.0.0:5901 என்றால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எந்தக் கடவுச்சொல்லையும் ஸ்கிரிப்டின் வரியில் எழுதாதீர்கள். அது ஓடும்போது அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் செயல் பட்டியலில் அதைப் படித்துவிடலாம். அலுவலகக் கணினிக்குள் இப்படி வழி போடும் முன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அனுமதியின்றி நுழைவது 1993ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். நல்ல நோக்கம் என்பது பதிலாகாது.

எம்ஆர்டி ரயிலில் போகும்போது இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். அறுந்தது சுரங்கம் மட்டும். எக்ஸ்விஎன்சியும் அதற்குள் திறந்திருந்த கோப்புகளும் அலுவலகத்தில் அப்படியே இருக்கும். மீண்டும் நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எக்ஸ்ஆர்டிபியும் இயல்பாக அப்படித்தான். செஷனை முடிப்பது லாக்அவுட்டும் -கில் கட்டளையும்தான். சன்னலை மூடுவது அல்ல.

ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம்

டைகர்விஎன்சி 1.11, 2020இல் வந்தபோது வழி மாறியது. அங்கே, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாகத்தான் தொடங்க வேண்டும்: விஎன்சிசர்வர்@:1 என்ற சேவை, எந்த எண் எந்தப் பயனருக்கு என்பது விஎன்சிசர்வர்.யூசர்ஸ் கோப்பில், :1=பயனர்பெயர் என்று ஒரு வரி. எக்ஸ்ஸ்டார்ட்டப்பை அது பார்ப்பதில்லை. எந்த டெஸ்க்டாப் என்பதை அமைப்புக் கோப்பில் செஷன்=எக்ஸ்எஃப்சிஇ என்று எழுத வேண்டும். எக்ஸ்ஸ்டார்ட்டப்பை எவ்வளவு திருத்தியும் எதுவும் மாறவில்லை என்றால் நீங்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். டெபியனும் உபுண்டுவும் பழைய முறையைத் தம் சொந்த ஸ்கிரிப்ட் மூலம் தொடர்கின்றன.

தொலைத்திரையில் தமிழ் தட்டுவது

முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் கூடிய ஊர் இது; தொலைத்திரைக்குள் தமிழ் வரவில்லை என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போக வேண்டிய தேவை இங்கே யாருக்கும் இல்லை. பிற மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்ற நிரலைத் தொடங்க நான்கு வரி போதும், எக்ஸெக்குக்கு மேலே:

எக்ஸ்போர்ட் ஜிடிகே_ஐஎம்_மாட்யூல்=ஐபஸ்
எக்ஸ்போர்ட் க்யூடி_ஐஎம்_மாட்யூல்=ஐபஸ்
எக்ஸ்போர்ட் எக்ஸ்மாடிஃபையர்ஸ்=@ஐஎம்=ஐபஸ்
ஐபஸ்-டீமன் -டிஆர்எக்ஸ்

டீமன் தானாகவே பின்னணிக்குப் போகும், & தேவையில்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐபஸும் டிபஸ் வழியே பேசுவது. நீங்கள் டிபஸ்-ரன்-செஷன் வடிவத்தைப் பயன்படுத்தினால், அதற்கு மேலே தொடங்கிய டீமன் வேறொரு பஸ்ஸில் மாட்டிக்கொள்ளக்கூடும். அப்போது டீமன் வரியை மட்டும் எடுத்துவிட்டு, அதை எக்ஸ்எஃப்சிஇயின் தானியங்கித் தொடக்கப் பட்டியலில் சேருங்கள். மூன்று எக்ஸ்போர்ட் வரிகள் ஸ்கிரிப்டிலேயே இருக்கட்டும்.

விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் கிடைக்கும். மடிக்கணினியின் விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே வைத்து, தமிழுக்கு மாற்றுவதைத் தொலைத்திரைக்கு உள்ளே மட்டும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் தமிழ் என்றால் எழுத்துகள் இரண்டு முறை மாற்றப்பட்டுக் குழம்பிவிடும்.

லாங் மாறிக்கு என்_எஸ்ஜி.யுடிஎஃப்-8 கொடுத்தது தமிழுக்கும் போதும். கோப்பின் பெயரில் தமிழ் சரியாக வர யுடிஎஃப்-8 இருந்தால் சரி. லோக்கேல் -ஏ கட்டளையின் பட்டியலில் அது இல்லாவிட்டால் முதலில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் மடிக்கணினியில் எழுத்துரு நிறுவிப் பயனில்லை. எழுத்தை வரைவது அலுவலகக் கணினி; உங்களுக்கு வருவது வரைந்து முடித்த படம். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை அந்தப் பக்கத்தில் நிறுவி, எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ என்று கொடுங்கள். ஒரு வரியாவது வந்தால் செஷனை ஒருமுறை மூடித் திறங்கள், எழுத்து வந்துவிடும்.